நூற்றுப்பன்னிரண்டு இணைப்பு நட்டேன்: ஒரு கிரைண்டர் பட்டறைக்குச் செய்த பேக்லிங்க் வேலை

கோவை ஆவாரம்பாளையத்தில் என் தாய்மாமாவுக்கு ஒரு கிரைண்டர் பட்டறை இருக்கிறது. கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, மோட்டார் காயில் கட்டுவது என்று ரிப்பேர்தான் முக்கிய வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி லீவில் அவருக்கு இணையதளம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள், ஏழு பக்கம், எல்லாம் தமிழில். அதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்குப் போனபோது மாமா ஃபோனை நீட்டினார். "ஏன் மாப்ள, கல் கொத்தறதுன்னு தேடுனா நம்மளத் தவிர எல்லாரும் வர்றாங்க?"

நம் தளம் தேடலில் எங்கே நிற்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தேன். கல் கொத்துவது பற்றிய பக்கத்தின் சராசரி இடம் 38. பத்துப் பத்தாகக் காட்டினால் நாலாவது பக்கத்தின் அடிவாரம். அங்கே வரைக்கும் இறங்கி வருபவர் தொலைந்து போன சாவியைத் தேடுபவராகத்தான் இருப்பார். வெளியிலிருந்து எத்தனை தளங்கள் நம்மை இணைத்திருக்கின்றன என்று 'இணைப்புகள்' அறிக்கையில் பார்த்தால் ஐந்து. அதில் மூன்று, யாருடைய பக்கத்தையும் அப்படியே வாரிக்கொண்டு போய்ப் போடும் குப்பைத் தளங்கள்.

எழுதியது மோசமில்லை, யாரும் நம்மைச் சுட்டிக்காட்டவில்லை, அதுதான் குறை என்று முடிவு கட்டினேன். பாதி சரி. மீதிப் பாதி எப்படித் தப்பு என்பது பின்னால் வரும்.

பேக்லிங்குக்கு 'பின்னிணைப்பு' என்று ஒரு சொல் புழங்குகிறது. புத்தகத்தின் கடைசியில் வரும் அட்டவணைக்கும் அதே பெயர்தான் என்பதால் எனக்கு அது ஒட்டவில்லை. பேக்லிங்க் என்றே எழுதுகிறேன். வெளியே ஒரு பக்கத்தில் நம் பக்கத்துக்கு வரும் வழி இருந்தால் அது பேக்லிங்க். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் 1996 வாக்கில் ஆரம்பித்த, பின்னால் கூகுள் ஆன தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே பேக்ரப். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்தியதுதான் அவர்கள் செய்த புதுசு. இன்றைக்கு அந்தக் கணக்கோடு வேறு ஆயிரம் கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனால் இணைப்பு இன்னும் எடைபோடப்படுகிறது.

முதல் ஆறு வாரம்

கையால் செய்வது என்று தீர்மானித்ததற்குக் காரணம் உண்டு. முன்பே ஒருவர் மாமாவுக்கு ஃபோன் பண்ணி, ஆயிரம் பேக்லிங்க், ஒரே வாரம், அத்தனையும் 'டிஏ' ஐம்பதுக்கு மேல் என்று சொல்லியிருந்தார். மாமாவுக்கு விலை பிடித்திருந்தது. டிஏ என்பது வேறொரு நிறுவனம் போடும் மதிப்பெண், கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படிக் கட்டுக் கட்டாக இணைப்பு வாங்கிய தளங்கள் ஒரே ராத்திரியில் காணாமல் போன கதையையும் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "அப்ப நீயே பண்ணு, காசாவது மிச்சம்" என்றார்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்காருவேன். ஒரு ஷீட்டில் ஐந்து பத்தி: தேதி, எந்தப் பக்கம், எந்தச் சொல்லின் மேல் இணைப்பு, இணைப்பின் வகை, இன்னும் உயிரோடு இருக்கிறதா. வணிக டைரக்டரிகள் 44. பெயரும் குறிப்பும் போட இடம் தரும் தளங்களில் திறந்த கணக்குகள் 29. சமையல் பக்கங்களின் அடியில் விட்ட கருத்துகள் 21. பிடித்த பக்கங்களைச் சேமித்துப் பகிரும் புக்மார்க் தளங்கள் 18. ஆக 112.

எந்தப் பட்டியலைப் பார்த்து இதைச் செய்தேனோ அது எவ்வளவு பழசு என்று பாதியில்தான் தெரிந்தது. முதல் வரிசையிலேயே டிமாஸ். ஆசிரியர்கள் கையால் தொகுத்த அந்த டைரக்டரி 2017 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. அடுத்து யாஹூ டைரக்டரி. அது 2014 டிசம்பரோடு போயிற்று. இடித்த வீட்டுக்குத் தபால் போடச் சொல்லும் பட்டியலை நம்பி மூன்று வாரம் கண் விழித்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தேன். இணைப்பின் மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட், அந்தக் குறிச்சொல்லில் 'ரெல்' என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் சோதனை, ஒன்றுக்கு அரை நிமிஷம். 37 இணைப்புகள் வரவே இல்லை அல்லது வந்து அழிந்துவிட்டன. மிச்சம் 75இல் 61க்கு நோஃபாலோ அல்லது யுஜிசி என்ற முத்திரை. நோஃபாலோ 2005இல் கருத்துக் குப்பையைத் தடுக்க வந்தது. 'இந்த இணைப்புக்கு நான் ஜாமீன் இல்லை' என்று அர்த்தம். வாசகர்கள் தாங்களே போடும் இணைப்புக்கு யுஜிசி, காசு வாங்கிப் போடுவதற்கு ஸ்பான்சர்டு என்று 2019இல் இன்னும் இரண்டு சேர்ந்தன. இப்போது இவற்றைக் கட்டளையாக எடுக்காமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறது கூகுள். குறிப்பாக எடுத்தாலும் என் 61ஐ அது எப்படி எடுத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

விக்கிபீடியாவில் 'மாவரைக்கும் இயந்திரம்' பக்கம் ஏதாவது இருந்தால் அடியில் சொருகிவிடலாம் என்றும் கை அரித்தது. அங்கே வெளியிணைப்புகள் எல்லாம் 2007 முதல் நோஃபாலோ. அதைவிட, சொந்த மாமா கடையைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவது எனக்கே கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

தேறிய 14இல் சர்ச் கன்சோலில் தலைகாட்டியவை மூன்று. கல் கொத்தும் பக்கம் 38இலிருந்து 36க்கு வந்திருந்தது. அது காற்றடித்தாலே ஆடும் அளவு.

பெல்ட் நம்பர்

ஒரு சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து இதை நினைத்து நொந்துகொண்டிருந்தேன். மாமா ஃபோனில் யாருக்கோ பெல்ட் அளக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் மூன்றாவது ஃபோன். மூவருக்கும் ஒரே பிரச்சினை: பழைய பெல்ட்டின் மேல் அச்சடித்த நம்பர் தேய்ந்துவிட்டது, கடையில் போய் என்ன கேட்பது?

மாமா சொன்ன முறை இது. பெல்ட்டை வெட்டாதீர்கள். மேல்பக்க அகலத்தை ஸ்கேலில் பாருங்கள். 13 மில்லிமீட்டர் என்றால் ஏ ரகம், 10 என்றால் இசட், 17 என்றால் பி. அப்புறம் ஒரு நூலை உள்பக்கமாகச் சுற்றி வைத்து, முனை சேருமிடத்தில் முடிச்சுப் போட்டு, நூலை நீட்டி அங்குலத்தில் அளங்கள். 36 வந்தால் 'ஏ 36' என்று கேளுங்கள். நூல் இழுபட்டால் கணக்கு தப்பும், அதனால் ரப்பர் நூல், உல்லன் நூல் வேண்டாம்.

நான் போட்ட ஏழு பக்கத்தில் இது எதுவும் இல்லை. 'முப்பது ஆண்டு அனுபவம், நியாயமான விலை' என்று இருந்தது. அப்படி எழுதிய பக்கத்தை எவன் சுட்டிக்காட்டுவான்? அன்று சாயங்காலமே தரையில் பெல்ட்டைப் போட்டு, நூல் சுற்றி, எட்டுப் படம் எடுத்தோம். மாமாவின் கட்டைவிரல் எல்லாப் படத்திலும் வரும். கல் கொத்தும் பக்கத்தையும் அடியோடு மாற்றினேன். புது உளி, மழுங்கின உளி, கொத்து ஆழமாகப் போனால் மாவில் எப்படிக் கல் கடிபடும், குழவியைக் கொத்தாமல் டிரம் கல்லை மட்டும் கொத்தினால் ஏன் பாதிப் பலன்தான் என்று அவர் வாயால் சொன்னதை அப்படியே.

ஓட்டைகள்

இந்த வேலையிலேயே பெரிய பலன் கொடுத்தது நான் திட்டமிடாத ஒன்று. சர்வர் லாகில், அதாவது தளத்துக்கு வந்த ஒவ்வொரு வருகையையும் குறித்து வைக்கும் பதிவேட்டில், 'ரெஃபரர்' பத்தியை மேய்ந்துகொண்டிருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தார் என்று அது சொல்லும். ஏற்கெனவே ஆறு தளங்கள் எங்களை இணைத்திருக்கின்றன. நல்ல தளங்கள், நிஜ மனிதர்கள் எழுதுபவை. ஆனால் ஒருவர்கூடச் சரியான பக்கத்துக்கு வந்து சேரவில்லை.

காரணம் தமிழ் முகவரி. பக்கத்தின் பெயரைத் தமிழிலேயே வைத்தால் அழகாக இருக்கும் என்று வைத்திருந்தேன். பிரவுசரின் மேல் பட்டையில் 'கிரைண்டர்-பெல்ட்-அளவு' என்று தெரியும். நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது பல சமயம் அதன் உள்வடிவம்தான் விழும். அந்த உள்வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'கி' என்பதே 'க' ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டு குறி, பதினெட்டு இடம். எண்ணிப் பார்த்தேன்: கிரைண்டர் 9 குறி, பெல்ட் 6, அளவு 4. மொத்தம் 19 குறி, 171 இடம், நடுவில் இரண்டு கோடு, ஆக 173. இப்படி ஒரு பூரான் போன்ற முகவரியை யாரும் முழுதாகத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். நடுவில் எங்கோ அறுந்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. வேர்ட்பிரஸ் இந்தப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 'கிரைண்டர் கல் கொத்துவது எப்படி' என்ற தலைப்பின் கணக்கைப் போட்டால் 'கொத்துவது' முடியும்போதே 191 ஆகிவிடுகிறது. 'எப்படி'க்கு இடமில்லை, தானாகவே வெட்டிவிட்டது. இரண்டு வருஷமாக என் பக்கத்தின் பெயர் வாலறுந்து கிடந்தது எனக்கே தெரியாது.

சரி, நகலெடுத்தபோது தமிழ் வடிவமே விழுந்தால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. சில தளங்களில் முகவரியை ஒட்டினால் மென்பொருள் தானே அதை இணைப்பாக மாற்றும். முகவரி எங்கே முடிகிறது என்று அது எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. யுனிகோடு வகைப்பாட்டில் நம் கால், கொம்பு, மேல்விலங்கு, புள்ளி எதுவும் எழுத்து இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறிகள். இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதிய நிரலுக்கு 'கிரைண்டர்' என்ற சொல் 'க'வோடு முடிந்துபோகிறது. லாகில் எங்கள் டொமைன், சாய்கோடு, வெறும் 'க' என்று பதினேழு வருகை இருந்தது. ஏதோ பாட், அதாவது தானாகத் தளங்களைச் சுற்றும் நிரல், வருகிறது என்று முன்பு அதை ஒதுக்கியிருக்கிறேன்.

பாதி முகவரி வந்தால் வேர்ட்பிரஸ் சும்மா இருக்காது. அந்தப் பாதியில் தொடங்கும் பக்கம் ஏதாவது உண்டா என்று ஊகித்து அங்கே அனுப்பிவிடும். எங்கள் பக்கங்களில் நாலு 'கிரைண்டர்' என்றே தொடங்கும். கல் கொத்துவதைப் படிக்க வந்தவர்கள் வாடகை கிரைண்டர் விலைப்பட்டியலில் போய் நின்றிருக்கிறார்கள்.

பழுதுபார்த்தது இப்படி. முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் ஆங்கில எழுத்தில் இரண்டே சொல்லில் பெயர் வைத்தேன். மனசு வலித்தது, ஆனால் வேலைக்கு ஆகும். பக்கத்துக்குள் தலைப்பு தமிழில்தான் இருக்கிறது. அடுத்து, பழைய தமிழ் முகவரி ஒவ்வொன்றுக்கும் 301 என்ற நிரந்தரத் திருப்பம் போட்டேன். வேர்ட்பிரஸுக்கு ரீடைரக்ஷன் என்றே ஒரு ப்ளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) உண்டு, கோப்பில் கைவைக்கத் தேவையில்லை. அப்புறம் லாகில் கண்ட அறுந்த துண்டுகள் ஒன்பதையும் தனித்தனியாக எடுத்து, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று பார்த்து, அவர் எதைச் சொல்ல நினைத்தாரோ அந்தப் பக்கத்துக்குத் திருப்பினேன். வெறும் 'க'வுக்கு மட்டும் எங்கே அனுப்புவது என்று கொஞ்சம் யோசித்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் கல் கொத்தும் பக்கத்துக்காக வந்தவர்கள், அங்கேயே அனுப்பிவிட்டேன்.

301இல் இணைப்பின் மதிப்பு கசியுமே என்று பழைய பயம் ஒன்று உண்டு. கசியாது என்று 2016இலேயே கூகுள் தரப்பில் சொல்லிவிட்டார்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதிதாக ஒரு இணைப்புகூடக் கேட்கவில்லை.

கடிதங்கள்

அதற்கு அப்புறம்தான் ஆட்களுக்கு எழுத ஆரம்பித்தேன். முதல் பதினைந்து கடிதமும் ஒரே அச்சு: 'வணக்கம், தங்கள் தளம் மிகவும் பயனுள்ளது, எங்கள் தளத்தையும் இணைத்தால் மகிழ்வோம்.' பதில் பூஜ்யம். எனக்கே இப்படி வாரம் நாலு வருகிறது, நான் எதற்கும் பதில் போட்டதில்லை.

அடுத்த பதினொன்றுக்கு ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆனது. முதலில் அவர்கள் பக்கத்தில் உள்ள இணைப்புகளைச் சொடுக்கிப் பார்ப்பேன். செத்த இணைப்பு இருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் தேடுவேன். நம்மிடம் அதற்கு ஈடான பக்கம் இருந்தால் மட்டும் எழுதுவேன். டொராண்டோவில் இருந்து இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர் நடத்தும் சமையல் தளத்துக்கு எழுதியது இது:

'அம்மா, உங்கள் தோசைமாவுப் பக்கத்தில் "புது கிரைண்டரைப் பழக்குவது" என்ற இடத்தில் உள்ள இணைப்பு இப்போது திறக்கவில்லை. அந்தத் தளமே போய்விட்டது. கோவையில் என் மாமா கிரைண்டர் ரிப்பேர் செய்கிறார். கல்லைப் பற்றி அவர் சொன்னதைப் படத்தோடு எழுதி வைத்திருக்கிறோம். பயன்படும் என்றால் பாருங்கள். இல்லாவிட்டாலும் செத்த இணைப்பை எடுத்துவிடுங்கள், சொடுக்குகிறவர்களுக்கு ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது.'

இரண்டு நாளில் பதில். 'தம்பி, பார்த்தன். நல்லாயிருக்கு. ஆனா புதுக் கல்லில முதல் அரைக்கிறதை எறிய வேணும் எண்டு எழுதேல்லையே? அதோட இங்க கரண்ட் வேற. ஊரில இருந்து கொண்டு வந்த கிரைண்டரை ட்ரான்ஸ்ஃபோமரில போட்டால் சரியோ எண்டுதான் எல்லாரும் கேக்கினம். அதை எழுதுங்கோ, போடுறன்.'

முதல் குறையை மாமாவிடம் சொன்னதும் தலையில் கை வைத்தார். பட்டறையில் ஒவ்வொருவருக்கும் சொல்கிற விஷயம்: புதுக் கல்லிலும் கொத்தின கல்லிலும் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் அரிசி போட்டு அரைத்துக் கீழே கொட்ட வேண்டும், கல்தூள் போகும்வரை. சொல்லிச் சொல்லிப் பழகியதால் எழுத விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவதற்கு மாமா ஒரே வரியில் பதில் வைத்திருந்தார். "ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா வோல்டேஜ் மாறும், சைக்கிள் மாறாது மாப்ள." சைக்கிள் என்றால் கரண்ட் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்பது, ஹெர்ட்ஸ். நம்மூரில் 230 வோல்ட், 50 சைக்கிள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 சைக்கிள். கிரைண்டரில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டார் சைக்கிளைப் பொறுத்து ஓடுவது. அதனால் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக 230 கொடுத்தாலும் அங்கே டிரம் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மெதுவாக அரைத்து மாவு சூடாகாமல் இருப்பதற்குத்தானே கல் கிரைண்டர் வாங்குகிறோம். மோட்டாரும் கெட்டி மாவில் திணறும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கேயும் 50தான். அமெரிக்கா, கனடா போகிறவர்கள் அந்த ஊர் கரண்டுக்கென்றே செய்த மோட்டார் உள்ளதை வாங்கிக்கொண்டு போவது உத்தமம். பிளக்கை மாற்றினால் போதும் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். இதை ஒரு தனிப் பக்கமாகப் போட்டோம்.

அந்த அம்மா இணைத்தார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் இணைத்தார்கள், நான் கேட்காமலே. இணைப்பு வைத்த சொற்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்: 'இந்தக் கோயம்புத்தூர் அங்கிள்', 'இங்கே', 'கட்டைவிரல் மாமா'. முதல் ஆறு வாரம் நான் 112 இடத்திலும் 'கோவை கிரைண்டர் ரிப்பேர்' என்று ஒரே சொற்றொடரை அச்சுப் பிசகாமல் வைத்திருந்தேன். மனிதர்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்பது கூகுளுக்குத் தெரியாமலா இருக்கும்? பதினொரு கடிதத்தில் ஆறு பதில், நாலு இணைப்பு. ஒருவர் இணைப்புக்குக் காசு கேட்டார். நன்றி சொல்லி விலகிவிட்டேன்.

குப்பைத் தள இணைப்புகளை நிராகரிக்கும் கருவி ஒன்று 2012இலிருந்து இருக்கிறது. அதில் என் பழைய 14ஐப் போட்டுக் கழுவிவிடலாமா என்று யோசித்தேன். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. தேவையில்லாமல் மருந்து சாப்பிடுவானேன் என்று விட்டாயிற்று.

இன்றைய நிலை

நாலு மாதம் முடிந்தது. கல் கொத்தும் பக்கம் 38இலிருந்து 9க்கு வந்திருக்கிறது. பெல்ட் பக்கம் புதுசு, அது 4. வெளிநாட்டுக் கரண்ட் பக்கத்துக்குத்தான் அதிக ஆட்கள் வருகிறார்கள். மாமாவுக்கு அதில் ஒரு ரூபாய் வரும்படி இல்லை, ஆனால் ஃபோனில் கனடா நம்பர் வந்தால் குரல் மாறிவிடுகிறது. இதில் எவ்வளவு திருப்பங்களால், எவ்வளவு புது இணைப்பால், எவ்வளவு பக்கத்தைத் திருத்தி எழுதியதால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டேன். அடுத்த முறை செய்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று வாரம் இடைவெளி விடுவேன்.

போன வாரம் லாகில் புதுசாக ஒரு 404, அதாவது 'அப்படிப் பக்கம் இல்லை' என்ற பிழை. 'கிரைன்டர்-கல்-கொத்துவது' என்று, மூன்று சுழி ண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன். யாரோ கையால் தட்டியிருக்கிறார்கள். ரெஃபரரைப் பிடித்துப் போனால், பொள்ளாச்சிப் பக்கம் கேட்டரிங் செய்யும் ஒருவர் தன் தளத்தில் நன்றி சொல்லி எங்கள் பில்லைப் படமெடுத்துப் போட்டு, அதில் இருந்த முகவரியைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார். மாமா புது பில் புக் அச்சடித்தபோது அச்சகத்துக்கு வாயால் சொன்ன முகவரி. ஐம்பது பில் புக். திருப்பம் போட்டுவிட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்க் கடை போர்டை அண்ணாந்து பார்த்தார். அதிலும் இரண்டு சுழிதான்.